வினைமுற்று வரை

ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட ஒரு கேள்வி இது. இரண்டு வாக்கியங்கள் தரப்படுகின்றன. முதல் வாக்கியத்தில், 1639-இல் ஷோகுன் அரசு போர்த்துக்கீசியரை நாட்டைவிட்டு வெளியேற்றுகிறது. கடற்கரையைக் காக்கும்படி பிரபுக்களுக்கு ஆணையிடுகிறது. இரண்டாவது வாக்கியத்திலும் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்படுகிறார்கள். ஆனால் கரையோரக் காவலுக்கான ஆணை பிரபுக்களிடமிருந்து அரசுக்கு வருகிறது. இரண்டும் ஒரே பொருள் தருகின்றனவா இல்லையா என்று சொல்ல வேண்டும். வரலாறு தெரிந்திருக்கத் தேவையில்லை. யார் யாருக்கு ஆணையிட்டார்கள் என்று பார்த்தால் போதும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களில் 57 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். வாக்கியத்தைப் பார்க்காமலே ஒன்றைத் தொட்டாலும் பாதிப்பேருக்குச் சரியாகிவிடும் கேள்வி இது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் அந்த எண் 71.

இந்தக் கேள்வி இடம்பெற்ற தேர்வை உருவாக்கிய குழுவின் தலைவர் நொரிக்கோ அராய், கணிதவியலாளர். தோக்கியோவிலுள்ள தேசியத் தகவலியல் நிறுவனத்தின் பேராசிரியர். 2011-இல் அவர் தொடங்கிய வேலை வேறு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதக்கூடிய ஒரு கணினி நிரலை உருவாக்க முனைந்தார். ‘தோரோபோ’ என்று அதற்குச் செல்லப்பெயர். சராசரியை 50 என்று வைத்துக் கணக்கிடும் ஜப்பானிய முறையில், 2016-இல் நாடு தழுவிய மாதிரித் தேர்வொன்றில் அது 57.1 எடுத்தது. தேர்வெழுதிய பிள்ளைகளில் பெரும்பகுதியை முந்திவிட்டது என்று பொருள். அந்த நிரலுக்கு ஒரு வாக்கியத்தின் அர்த்தமும் தெரியாது. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்பது போன்ற கணக்குகளைக் கொண்டே விடையை எட்டியது.

அராய் அந்த இடத்தில் நிரலை விட்டுவிட்டு அதனிடம் தோற்ற பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அர்த்தம் தெரியாத ஒன்று அர்த்தம் தெரிந்தவர்களை எப்படி முந்தியது? பாடநூலை அவர்கள் உண்மையில் வாசிக்கிறார்களா? இந்தச் சந்தேகத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய வாசிப்புத் திறன் தேர்வு. சுமார் 25,000 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவுகளை வைத்து 2018-இல் அவர் எழுதிய புத்தகம் ஜப்பானில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பாடநூலை வாசிக்க முடியாத பிள்ளைகள் என்பதைத் தலைப்பிலேயே வைத்திருந்தார்.

தேர்வின் அமைப்பு எளிது. பாடநூலிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் ஓரிரு வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறார்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது, ‘அது’ என்பது எதைச் சுட்டுகிறது, இரண்டு வாக்கியங்கள் ஒரே பொருள் கொண்டவையா, ஒன்றை வைத்து இன்னொன்றை முடிவுசெய்ய முடியுமா, சொல்லப்பட்டது எந்தப் படத்துக்குப் பொருந்தும், தரப்பட்ட வரையறைக்குள் எந்த எடுத்துக்காட்டு அடங்கும் என்று கேட்கிறார்கள். விடை முழுக்க அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். நினைவாற்றலுக்கோ பொது அறிவுக்கோ அங்கே வேலையில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொரு கேள்வி. அலெக்ஸ் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் வழங்கும் பெயர். அலெக்சாண்ட்ரா என்ற பெண்பெயரின் சுருக்கமான செல்லப்பெயர் அது, அலெக்சாண்டர் என்ற ஆண்பெயருக்கும் அப்படியே என்று சொல்லிவிட்டு, அலெக்சாண்ட்ராவின் செல்லப்பெயர் எது என்று கேட்டார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழ் வகுப்புகளில் 38 சதவீதம் பேரும், மேல் வகுப்புகளில் 65 சதவீதம் பேரும்தான் சரியாக எழுதினார்கள். தவறியவர்களில் பலர் எழுதிய விடை, ‘பெண்’. செல்லப்பெயர் என்பதற்கான ஜப்பானியச் சொல் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. தெரியாத சொல்லைத் தாண்டிக் குதித்து மீதியை வாசித்திருப்பார்கள் என்பது அராயின் ஊகம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தால், அலெக்சாண்ட்ரா யார் என்பதுபோல்தான் கேள்வி தெரியும். அப்போது ‘பெண்’ என்ற விடை பொருத்தமானதாகிவிடுகிறது.

தெரியாத சொல்லைத் தாண்டிப் போவதும், தெரிந்த நாலைந்து சொற்களைப் பொறுக்கி மனத்துக்குள் ஒட்டிக்கொள்வதும் தோரோபோ செய்ததற்கு மிக நெருக்கமானவை. இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. வருடக்கணக்காக வகுப்பறையில் தப்பிப்பதற்குப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த வழி அது. பல இடங்களில் அது செல்லுபடியும் ஆகிறது. அதனால்தான் எந்த ஆசிரியர் கண்ணிலும் படாமல் அவர்கள் மேல் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

மயிலாடியில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானியப் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, 91.75 சதவீதம். அந்த எண்ணுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதன் முதல் ஏடுகளில் ஒன்று எங்கள் ஊரில் எழுதப்பட்டது. இங்கே ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த மகாராசன், சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரில் லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே என்ற பிரஷ்யர் 1806-இல் தென்திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியில் கோயில் எழுந்தது, பள்ளியும் நடந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் பிறப்பை அந்த 1809-இலிருந்தே எண்ணுகிறது. தெருவில் நடக்கவே தடை இருந்த மனிதர்களின் பிள்ளைகள் எழுத்துக்கூட்டக் கற்றார்கள். எழுத்து அவர்களுக்கு உரிமையாக வந்தது. இப்படி வந்த ஒன்று இன்றைய பிள்ளைகளிடம் எந்த அளவுக்குக் கைமாறியிருக்கிறது என்று கேட்கும் கடமை எங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

இங்குள்ள பள்ளி ஆசிரியர் எவரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வரும். ‘வாசிக்கச் சொன்னா கடகடன்னு வாசிச்சிரும் சார். என்ன வாசிச்சேன்னு கேட்டா முழிக்கும்.’ எழுத்தறிவுக் கணக்கு எடுப்பவரின் தாளில் அந்தப் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைதான். நாடு முழுக்க ஊரகப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் ஆய்வின் அடிப்படைக் கருவிகூட எழுத்து, சொல், பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாக உரக்க வாசிக்கச் சொல்லும் கருவியே. தொடக்க வகுப்புகளுக்கு அது மிக அவசியம். எட்டாம் வகுப்புப் பிள்ளை அறிவியல் பாடத்தின் ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறதா என்பதை அறிய அது போதாது.

ஜப்பானியத் தேர்வைத் தமிழுக்குக் கொண்டுவருவது ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதைவிட எளிது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு தேடி சுசுமு ஓனோ வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். அந்த உறவுக் கொள்கையை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் வாக்கியம் கட்டப்படும் முறையில் இரு மொழிகளும் ஒரே தடத்தில் நடக்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டிலும் வினைமுற்று கடைசியில் வருகிறது. பெயரை விளக்கும் தொடர் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. எழுவாய் தோன்றாமலே வாக்கியம் நடக்கும். வேற்றுமை உருபுபோல் பெயருக்குப் பின்னால் ஒட்டும் சிறு இடைச்சொற்கள்தாம் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று காட்டிக்கொடுக்கும். கடைசிச் சொல் வரை எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓர் உருபை விட்டுவிட்டால் ஆணையிட்டவர் ஆணை பெற்றவராகிவிடுவார். 1639 கேள்வியில் நடந்தது அதுதான்.

இன்னொரு கேள்வியைப் பாருங்கள். பௌத்தம் இன்னின்ன பகுதிகளில், கிறிஸ்தவம் இன்னின்ன பகுதிகளில், இஸ்லாம் இன்னின்ன பகுதிகளில் பரவியிருக்கிறது என்று ஒரே வாக்கியம்; பரவியிருக்கிறது என்ற வினை இறுதியில் ஒருமுறைதான் வருகிறது. ஓசியானியாவில் பரவியிருப்பது எது என்று கேட்டார்கள். கீழ் வகுப்பில் 62 சதவீதமும் மேல் வகுப்பில் 72 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். நம் அணியிலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது: கடைநிலைத் தீவகம். இறுதியில் ஏற்றிய விளக்கு முன்னாலுள்ள எல்லாச் சொற்களுக்கும் ஒளி தருவது. நன்னூலோ பொருள்கோள் என்று எட்டு வகை சொல்கிறது. ஆற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூட்டு, தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று. எந்தச் சொல்லை எதோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பதே அதன் மையக் கேள்வி. வாசித்துப் பொருள் கொள்வதை ஒரு கலையாக எண்ணி, அதற்கு வகையும் பெயரும் வைத்து, சொல்லிக் கொடுத்த மரபு நம்முடையது.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பொருள்கோள் இருக்கிறது. பிள்ளைகள் எட்டுப் பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்கிறார்கள். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அதே பிள்ளையிடம் அறிமுகமில்லாத ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இந்தச் சொல்லை எதோடு கூட்டுவாய் என்று யாரும் கேட்பதில்லை. உரைப்பத்தி வினா ஒன்று வினாத்தாளில் உண்டு. நூறு மதிப்பெண்ணில் அதன் பங்கு சிறிது. பத்தியிலுள்ள ஒரு வரியைப் பார்த்து அப்படியே எடுத்தெழுதினால் அது தீர்ந்துவிடும். மீதியெல்லாம் புத்தகப் பின்பக்க வினா, கைடு, ‘கீ வேர்டு’. விடைத்தாள் திருத்துபவர் தேடுவதும் அந்தச் சொற்களைத்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் எழுதும் தேர்வில் வேறெப்படித் திருத்த முடியும் என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லைப் பொறுக்கி ஒட்டும் பிள்ளைக்கும் வாக்கியத்தை வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்கும் தேர்வு, முதல் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறது. உனக்கு வாசிக்க வரும் என்று அதனிடம் பொய் சொல்லி அனுப்புகிறது. தேர்ச்சி விழுக்காட்டில் முன்வரிசையில் வரும் எங்கள் மாவட்டத்தில் இந்தப் பொய் இன்னும் ஆழமாக மறைந்துகொள்கிறது.

நம் பிள்ளைகளின் வாசிப்பை வெளியிலிருந்து ஒருவர் அளந்ததும் உண்டு. பீசா எனப்படும் பன்னாட்டு மதிப்பீட்டின் 2009 சுற்றின் நீட்சியாக, 2010-இல் தமிழ்நாட்டிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் பதினைந்து வயதினரிடம் தேர்வு நடந்தது. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337, இமாச்சலத்தினுடையது 317. அந்தச் சுற்றில் ஜப்பான் 520. வாழ்க்கையில் பங்கெடுக்கத் தேவையான அடிப்படை வாசிப்பு என்று அந்தத் தேர்வு வகுத்திருக்கும் நிலையைத் தமிழ்நாட்டில் எட்டியவர்கள் 17 சதவீதம் அளவில்தான். கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. ஜப்பானும் அடி வாங்கிய நாடுதான். 2000-இல் வாசிப்பில் எட்டாம் இடத்தில் இருந்து 2003-இல் பதினான்காம் இடத்துக்கு இறங்கியபோது அதைத் தேசிய அதிர்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்கள். 2007 முதல் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நாடு தழுவிய தேர்வு நடத்தி, வாசித்ததைப் பயன்படுத்தும் வினாக்களைத் தனியாகச் சேர்த்தார்கள். 2018-இல் மறுபடியும் சரிந்து பதினைந்தாம் இடம், 2022-இல் மூன்றாம் இடம். ஏறுவதும் இறங்குவதும் இருக்கட்டும். அவர்கள் அளப்பதை நிறுத்தவில்லை. நாம் நிறுத்தினோம், அது தவறு.

அளப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் ஜப்பானிலேயே சான்று இருக்கிறது. தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை போதாது, பிள்ளைகள் வாசித்ததைத் தங்கள் சொல்லில் எழுத வேண்டும் என்று முடிவெடுத்து, 2021 முதல் வரவிருந்த புதிய பல்கலைக்கழகப் பொதுத் தேர்வில் எழுத்து வினாக்களைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். 2017-இல் நடந்த முன்னோட்டத்தில், நீளமான எழுத்து வினாவுக்கு முழுமையாகச் சரியான விடை எழுதியவர்கள் 0.7 சதவீதம். அதைவிடப் பெரிய சிக்கல் திருத்துவதில் வந்தது. ஐந்து லட்சம் விடைத்தாள்களைச் சில வாரங்களில் ஒரே அளவுகோலில் யார் திருத்துவது? தனியார் நிறுவனம் வழியாகத் திருத்தும் ஏற்பாட்டுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. 2019 டிசம்பரில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. மதிப்பெண்ணும் கல்லூரி இடமும் தொங்கிக்கொண்டிருக்கும் தேர்வுக்குள் வாசிப்பை நுழைத்தால் இந்த முட்டல் தவிர்க்க முடியாதது என்றே எனக்குத் தோன்றுகிறது. வாசிப்பைச் சோதிக்கும் இடம் பொதுத்தேர்வுக்கு வெளியே இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கல்பட்டறைகளில் சிற்பிகள் கல்லில் உளி வைக்கும் முன் தட்டிப் பார்ப்பார்கள். ஓசையை வைத்து உள்ளே எங்கே கீறல், எங்கே திண்மை என்று அறிந்து வேலையைத் தொடங்குவார்கள். அராயின் தேர்வை நான் அந்த வகையில்தான் புரிந்துகொள்கிறேன். எந்தப் பிள்ளைக்கு உருபு நழுவுகிறது, எந்தப் பிள்ளைக்குச் சுட்டுப்பெயர் தடுமாறுகிறது, எந்தப் பிள்ளை வரையறையை எடுத்துக்காட்டோடு பொருத்த முடியாமல் நிற்கிறது என்று தெரிந்தால் ஆசிரியர் எங்கே கைவைக்க வேண்டும் என்பது தெரியும்.

அவருடைய ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. இந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும், பிள்ளை தான் நிறைய வாசிப்பதாகச் சொல்வதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. புத்தகம் வாசி, புத்தகம் வாசி என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கும் என்போன்றவர்களுக்கு இது சங்கடமான முடிவு. ஆனாலும் நம்ப முடிகிறது. எத்தனை புத்தகம் என்பதைவிட, ஒரு வாக்கியத்தை எந்தக் கவனத்தோடு என்பதே இங்கே எண்ணப்படுகிறது. இரண்டாவது செய்தி கசப்பானது. ஏழ்மைக்காக உதவித்தொகை பெறும் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளில் மதிப்பெண் குறைவாக இருந்தது. வாசிக்க முடியாமை சமமாகப் பங்கிடப்படவில்லை. நம் ஊரில் அது எங்கே குவிந்திருக்கும் என்பதை எங்கள் நாஞ்சில் நாட்டின் வரலாறு தெரிந்த எவரும் யூகிக்கலாம்.

அராயின் முடிவுகளை நான் அப்படியே ஏற்கவில்லை. பிள்ளை தவறியது என்று சொல்லும் முன் வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். அலெக்ஸ் வாக்கியம் நல்ல வாக்கியம் இல்லை. பெரியவர்களே இருமுறை வாசிக்க வேண்டியிருக்கும். இந்தத் தேர்வு மாணவரை அளக்கும்போதே பாடநூல் எழுதியவரையும் அளக்கிறது. தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். நம் அறிவியல், சமூக அறிவியல் நூல்களைத் திறந்து பாருங்கள். ‘மற்றும்’ என்று அடுக்கிக்கொண்டே போய், ‘ஆல்’ என்று ஓர் உருபைச் செருகி, ‘ப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்கள். அவை ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதப்பட்டவை. யார் செய்தார் என்பது அவற்றில் நாலு சொற்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். தன் வீட்டிலும் தெருவிலும் கேட்டறியாத அமைப்பில் வரும் தமிழைப் பிள்ளை தாண்டிக் குதித்தால் குற்றம் யாருடையது? ஒரு வகுப்பில் பாதிப்பேர் தவறாக வாசிக்கும் வாக்கியத்தைப் பாடநூல் குழுவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படி ஒரு வழி இதுவரை நம்மிடம் இல்லை.

இப்படிச் சோதித்துப் பார்க்கக் கணினியோ பெரிய நிதியோ தேவையில்லை. வகுப்பாசிரியர் ஒருவர் போதும். எங்கள் ஊர் வரலாற்றை வைத்தே ஒன்று சொல்கிறேன். ‘1816-இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட ரிங்கல்தௌபே, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார்.’ இது ஒரு வாக்கியம். ‘1816-இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட ரிங்கல்தௌபேயிடம், சபைகளின் பொறுப்பு வேதமாணிக்கத்தால் ஒப்படைக்கப்பட்டது.’ இது இன்னொன்று. இரண்டும் ஒன்றா என்று ஒன்பதாம் வகுப்பில் கேளுங்கள். யார் புறப்பட்டார், பொறுப்பு கடைசியில் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஊரின் முதல் பொறுப்பாளர் யார் என்கிற உண்மை ஓர் ‘இடம்’, ஓர் ‘ஆல்’ ஆகியவற்றில் தொங்குவதைப் பிள்ளைகள் காணட்டும்.

தமிழாசிரியர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பாடநூலிலிருந்தே வாரத்துக்குப் பத்து வாக்கியங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினா, விடை வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும்படி அமையுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். பெயரையும் எழுத வைக்க வேண்டாம். எந்த வாக்கியத்தில் எத்தனை பேர் தவறினார்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தவறிய விடைகளை வகுப்பில் பேசுங்கள். பிள்ளை எந்தச் சொல்லைத் தாண்டியது என்று அதன் வாயாலேயே கேட்டு அறியுங்கள். ஓராண்டு முடிவில் அந்த நோட்டுகளைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு ஒப்பிட்டு, அதிகம் பேர் இடறிய வாக்கியங்களைத் திருத்தி எழுதி, பாடநூல் தயாரிக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். எட்டாம் வகுப்பு அறிவியலிலிருந்து தொடங்கலாம்.